மூன்று முறை ஏர் எடுத்தும் இறுகாத முன் பிரேக்

கொல்லிமலையில் இருந்து காரவள்ளிக்கு இறங்கும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். பாதியைத் தாண்டியிருப்போம். பின்னால் மச்சான், அவன் மடியில் சோளக்காட்டில் வாங்கிய பலாப்பழம். முன் பிரேக் லிவர் ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டே இருந்தது. என் கைதான் சோர்ந்துவிட்டது என்று நினைத்தேன். அடுத்த வளைவில் பிடித்தபோது லிவர் நேராக வந்து ஆக்சிலேட்டர் பிடியில் ஒட்டிக்கொண்டது. விரலுக்கு எதிர்ப்பே இல்லை. இரண்டாவது கியருக்கு இறக்கி, பின் பிரேக்கை மிதித்து, மலைப்பக்கச் சுவரை ஒட்டி நிறுத்தினேன். டிஸ்க் பக்கம் இருந்து கருகிய வாடை.

மச்சான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து டிஸ்க் மேல் ஊற்றப் போனான். "வேண்டாம்டா, கோணிக்கும்" என்று தடுத்துவிட்டு, பலாப்பழத்தைக் காவலுக்கு வைத்து அரை மணி நேரம் உட்கார்ந்தோம். சூடு தணிந்ததும் லிவர் பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்தது. மீதி வளைவுகளை எஞ்சின் பிடிப்பிலேயே இறங்கினோம்.

வண்டி 2017 மாடல், 150 சிசி. முன்னால் ஒற்றை டிஸ்க், பின்னால் டிரம். ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் பிரேக் அமைப்பு) கிடையாது, 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புது வண்டிக்கும் அது கட்டாயமானது 2019 ஏப்ரலில்தான். ஓடியது 41,000 கிலோமீட்டர். எஞ்சின் ஆயிலைத் தேதி குறித்து மாற்றுகிற நான், பிரேக் ஆயிலை ஒரு முறைகூட மாற்றியதில்லை. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்லி வண்டியோடு வந்த புத்தகத்திலேயே இருக்கிறது.

மறுநாள் காலை குளிர்ந்த வண்டியில் பிடித்துப் பார்த்தேன். பிரேக் பிடிக்கிறது. ஆனால் லிவர் ஓர் இடத்தில் கல் மாதிரி நிற்காமல், நனைந்த பஞ்சை அமுக்குவது போல இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று போகிறது. யோசித்தால் இது நேற்று வந்தது இல்லை. மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வந்ததற்குக் கை பழகிப்போய்விட்டது. மலை அதைக் காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான்.

மலையில் நடந்தது என்ன என்பதில் குழப்பம் இல்லை. பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற ரக ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். 3.7 சதவீதம் தண்ணீர் ஏறிய ஆயிலுக்கு அந்த வரம்பு 155 டிகிரிதான். வண்டியும் நாங்கள் இருவரும் சேர்ந்து 280 கிலோ, இறங்கிய உயரம் 800 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அந்த இறக்கத்தில் கரைக்க வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ 22 லட்சம் ஜூல். ஆயிரம் வாட் வாட்டர் ஹீட்டரை 36 நிமிடம் போட்டதற்குச் சமம். அதில் எஞ்சினும் காற்றும் பின் பிரேக்கும் எடுத்துக்கொண்டது போக மீதி முழுவதும் முன் டிஸ்க்கின் தலையில். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பருக்குள் ஆயில் கொதித்து ஆவியானது. ஆவி அமுங்கும், ஆயில் அமுங்காது. லிவரின் வீச்சு முழுவதும் ஆவியை அமுக்குவதிலேயே தீர்ந்துபோனது. ஆறியதும் ஆவி மறுபடி நீராகி, லிவர் திரும்பியது.

அப்படியானால் ஆறிய பிறகும் பஞ்சு ஏன்? அங்கேதான் இந்த கேஸின் முடிச்சு.

முதலில் தெருமுனைப் பட்டறை. விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் "ஏர் ஏறியிருக்கும்ங்க, எடுத்துடலாம்" என்றார். பிரேக் ஆயில் லைனில் புகுந்த காற்றை வெளியேற்றுவதைத்தான் ஏர் எடுப்பது என்பார்கள். பத்து நிமிடத்தில் எடுத்தும் கொடுத்தார். முன்னைவிடப் பரவாயில்லை. ஆனால் பஞ்சு போகவில்லை. எட்டிப் பார்த்தால் ஹேண்டிலில் உள்ள பிரேக் டப்பாவில் இருந்த ஆயில் இன்னும் டீ டிகாஷன் நிறத்தில்தான் இருந்தது. பழைய ஆயிலை வெளியேற்றாமல் மேலே கொஞ்சம் புதுசு ஊற்றியிருக்கிறார். சரி, நாமே செய்துவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை வாசலில் வண்டியை நிறுத்தினேன்.

எங்கள் ஊர் நாமக்கல். லாரி பாடி கட்டும் ஊர். தெருவில் பாதிப் பேருக்கு வாழ்க்கையே லாரிதான். எதிர்வீட்டு மாமா முப்பது வருடம் நேஷனல் பர்மிட் ஓட்டியவர். என்ன செய்கிறேன் என்று கேட்டார். பிரேக்கில் இருந்து ஏர் எடுக்கிறேன் என்றேன். "ஏர் இருந்தாத்தான் தம்பி பிரேக்கு. ஏர் இல்லாட்டி எங்க வண்டி நகரவே நகராது" என்று சிரித்தார். அவர் சொல்வது லாரிக்குச் சரி. அங்கே கம்ப்ரஸர் அடைத்து வைத்த காற்றுதான் பிரேக்கை இயக்குகிறது; காற்று இறங்கினால் ஸ்பிரிங் சக்கரத்தைப் பூட்டிவிடும். பைக்கில் வேலை செய்வது ஆயில். காற்று அதில் அழையா விருந்தாளி.

கொஞ்சம் காற்று எவ்வளவு கெடுக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். லிவரைப் பிடித்தால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் 11 மில்லிமீட்டர் விட்டம், அதன் ஓட்டம் 10 மில்லிமீட்டர் என்று வைப்போம். முழு லிவரும் பிடித்தால் தள்ளப்படும் ஆயில் 0.95 மில்லி, அதாவது ஒரு மில்லிகூட இல்லை. லைனில் அரை மில்லி காற்று இருந்தால், அழுத்தம் பத்து மடங்கு ஏறும்போது அது பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும். 0.45 மில்லி அங்கேயே போயிற்று. லிவரின் பாதி வீச்சை ஒரு சிறு குமிழி சாப்பிட்டுவிடுகிறது. பட்டறைக்காரர்கள் எல்லாவற்றுக்கும் ஏரைச் சொல்வது சும்மா இல்லை. பத்தில் எட்டு வண்டியில் அது சரியாகவும் இருக்கலாம்.

நான் ஏர் எடுத்த விதம்

கையில் இருந்தவை: எட்டாம் நம்பர் ரிங் ஸ்பேனர், மீன் தொட்டிக்குப் போடும் மெல்லிய டியூப் ஒரு மீட்டர், காலி மருந்து பாட்டில், ஊசி இல்லாத சிரிஞ்ச், சீல் பிரிக்காத டாட் 4 பாட்டில், நிறையப் பழைய துணி. பாதி பயன்படுத்தி மூடி வைத்த பாட்டில் உதவாது. அலமாரியில் இருக்கும்போதே ஈரம் குடித்திருக்கும். டப்பா மூடியில் டாட் 3 அல்லது 4 என்று அச்சடித்திருந்தால் அதையேதான் ஊற்ற வேண்டும். டாட் 5 என்பது சிலிகான் எண்ணெய், இந்த இரண்டோடும் சேராது. டாட் 5.1 என்று ஒன்று உண்டு, அது வேறு. டாட் 4 இனத்தைச் சேர்ந்தது. இந்தப் பெயரை வைத்தவர் யாரோ, புண்ணியவான்.

பெட்ரோல் டேங்க் மேல் ஈரத்துணி போர்த்தினேன். பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்றுவிடும். சிந்தினால் துடைப்பது போதாது, தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். ஹேண்டிலைத் திருப்பி, மாஸ்டர் சிலிண்டர் டப்பா மட்டமாக நிற்கும்படி வைத்தேன். மூடியின் திருகுகள் மெத்தென்ற உலோகம். சரியான அளவு ஸ்க்ரூடிரைவரை நன்றாக அமுக்கிப் பிடித்துத்தான் திருப்ப வேண்டும். ஒரு முறை தலை வழுக்கினால் அப்புறம் டிரில்லர்தான்.

பழைய ஆயிலைச் சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்து, அடியில் படிந்திருந்த கறுப்பு வண்டலைத் துடைத்து, புதுசு ஊற்றினேன். காலிப்பரில் ஆயிலை வெளியே விடும் நிப்பிளில் முதலில் ஸ்பேனரை மாட்டிவிட்டு, அப்புறம் டியூபைச் செருக வேண்டும். மாற்றிச் செய்துவிட்டு மறுபடி கழற்றியது என் முதல் தவறு. டியூபின் மறுமுனை பாட்டிலில் கொஞ்சம் ஆயிலுக்குள் மூழ்கியிருக்க வேண்டும். அதன் பிறகு எல்லோரும் சொல்லும் அதே தாளம்: லிவரைப் பிடி, பிடித்தபடியே இரு, நிப்பிளைக் கால் சுற்று திற, லிவர் உள்ளே போனதும் நிப்பிளை மூடு, அப்புறம்தான் லிவரை விடு. மூடுவதற்கு முன் லிவரை விட்டால் வெளியே போனதெல்லாம் உள்ளே திரும்பிவிடும். நாலைந்து முறைக்கு ஒரு தடவை டப்பாவைப் பார்த்து ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அடி தெரியும் அளவு இறங்கவிட்டால் மேலே இருந்து காற்று புகுந்து, வேலை முதலில் இருந்து.

இருபது தடவைக்குள் டிகாஷன் நிறம் போய்த் தெளிந்த ஆயில் வந்தது. ஆனால் டியூபில் குமிழி நிற்கவே இல்லை. ஒவ்வொரு முறையும் பொடிப்பொடியாக வந்துகொண்டே இருந்தது. பாதி பாட்டில் காலி. பிறகுதான் உறைத்தது, குமிழி லைனில் இருந்து வரவில்லை. நிப்பிளைத் தளர்த்தும்போது அதன் மரையின் இடைவெளி வழியாக வெளிக்காற்று டியூபுக்குள் நுழைகிறது. நிப்பிளைக் கழற்றி, மரையில் மட்டும் இரண்டு சுற்று டெஃப்லான் டேப் சுற்றி, நுனித் துளையில் படாமல் பார்த்து மாட்டினேன். குமிழி நின்றது. இது தெரியாமல் பாட்டில் பாட்டிலாக ஊற்றுகிறவர்கள் எத்தனை பேரோ.

மீதிக் காற்று ஒளிந்துகொள்ளும் இடம் மேலே, மாஸ்டர் சிலிண்டரில் ஓஸ் (ஆயில் போகும் ரப்பர் குழாய்) சேரும் வளைவு. காற்று மேலே ஏறும் குணம் உள்ளது, நாமோ அதைக் கீழே தள்ளி எடுக்கப் பார்க்கிறோம். அதற்கு லிவரை முழுதாகப் பிடிக்காமல், முதல் அரை சென்டிமீட்டர் மட்டும் விட்டு விட்டுத் தட்ட வேண்டும். டப்பாவின் அடியில் இருக்கும் ஊசித் துளை வழியாகக் கடுகு கடுகாகக் குமிழி வந்தது. பத்து நிமிடம் தட்டியதில் எட்டு ஒன்பது குமிழி. சின்ன வயதில் வேப்பங்காய் பொறுக்கிய நிதானம் வேண்டும் இதற்கு.

ஏபிஎஸ் வண்டி வைத்திருப்பவர்கள் சாதாரணமாக ஆயில் மாற்றுவதில் சிக்கல் இல்லை. ஆனால் ஏபிஎஸ் பெட்டிக்குள்ளேயே காற்று புகுந்துவிட்டால், அதன் வால்வுகளைத் திறந்து மூட ஸ்கேனர் தேவைப்படலாம். அது வீட்டு வேலை இல்லை.

எல்லாம் முடித்து மூடி, லிவரைப் பிடித்தால் கொஞ்சம் இறுக்கம் கூடியிருந்தது. பஞ்சு அப்படியே இருந்தது. அடுத்த ஞாயிறு இன்னொரு பாட்டில் வாங்கி, அதே வேலையை அப்படியே செய்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை. பஞ்சும் போகவில்லை.

காதில் போட்டுக்கொள்ளாத தடயங்கள்

இப்போது திரும்பிப் பார்த்தால் வண்டி பல முறை சொல்லியிருக்கிறது.

ஒன்று, லிவரை மடமடவென நாலைந்து முறை அடித்துப் பிடிக்கும் சோதனை. காற்று இருந்தால் அடிக்க அடிக்க லிவர் மேலே வந்து இறுகும். பட்டறைக்குப் போகும் முன் என் வண்டியில் அப்படித்தான் இருந்தது. நான் ஏர் எடுத்த பிறகு, அடித்தாலும் அடிக்காவிட்டாலும் லிவர் ஒரே இடத்துக்குத்தான் போனது. பஞ்சின் தன்மையே மாறிவிட்டது. அதை மனதில் குறித்துக்கொண்டேன், ஆனால் என்ன சொல்கிறது என்று கேட்கவில்லை.

லிவரை அழுத்திப் பிடித்தபடி ஒரு நிமிடம் வைத்திருந்தேன். மெல்ல இறங்கிக்கொண்டே போனால் மாஸ்டர் சிலிண்டர் சீல் போயிருக்கும், அல்லது எங்காவது ஒழுகும். இறங்கவில்லை. ஓஸ் முனைகளில் செம்பு வாஷர் பக்கம் டிஷ்யூ பேப்பர் சுற்றிப் பார்த்தேன், ஈரமில்லை.

சைக்கிள் டியூபை அறுத்த பட்டையால் லிவரை இழுத்துக் கட்டி இரவு முழுவதும் வைக்கும் வைத்தியமும் செய்தேன். ஒளிந்திருக்கும் பொடிக் குமிழிகள் அமுங்கி, இடம் விட்டு மேலே ஏறி, காலையில் லிவரை விட்டதும் டப்பாவுக்குள் போய்விடும் என்பார்கள். பலருக்குப் பலித்திருக்கிறது. எனக்கு இம்மிகூட மாறவில்லை. காற்று இல்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஆனாலும் மூன்றாவது பாட்டில் வாங்கக் கடைக்குக் கிளம்பினேன் என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன்.

கிளம்பும்போது லிவரைப் பிடித்துப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தேன். திண்ணையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த மாமா எழுந்து வந்து சக்கரத்துப் பக்கம் குத்தவைத்தார். "இன்னொருக்கா புடிங்க தம்பி." பிடித்தேன். "மெதுவா." மெதுவாகப் பிடித்தேன். "டிஸ்க்கு ஏன் தம்பி சாயுது?"

இடம் மாறி உட்கார்ந்து, அவரைப் பிடிக்கச் சொல்லிப் பார்த்தேன். உண்மைதான். லிவர் பிடிக்கும்போது டிஸ்க் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் சக்கரத்துப் பக்கம் வளைகிறது, விட்டால் திரும்புகிறது.

அந்த இடத்தில் எல்லாம் கோத்துக்கொண்டது. என் வண்டியின் காலிப்பரில் பிஸ்டன் ஒரு பக்கம்தான். அது தன் பக்கத்துப் பேடை (டிஸ்க்கில் உரசும் பட்டையை) அழுத்தும். அதன் எதிர்விசையில் காலிப்பர் முழுவதும் இரண்டு பின்களின் (உலோகத் தண்டுகளின்) மேல் வழுக்கி, மறுபக்கத்துப் பேடை இழுத்துக்கொண்டு வர வேண்டும். அந்தப் பின் இறுகிவிட்டால் காலிப்பர் நகராது. பிஸ்டன் தன் பேடை வைத்து டிஸ்க்கையே தள்ளி வளைத்து, மறுபக்கத்துப் பேடில் முட்டவைக்கும். நான் விரலில் உணர்ந்த பஞ்சு காற்று இல்லை, இரும்பு வளையும் துள்ளல். ஏர் எடுத்தால் அது எப்படிப் போகும்?

மலையில் அவ்வளவு சூடு ஏறியதற்கும் இதுவே காரணமாக இருக்க வேண்டும். பின் இறுகிய காலிப்பர், லிவரை விட்ட பிறகும் முழுதாக விலகாது. பேடு உரசிக்கொண்டே வரும். அன்று மாலை முன் பிரேக்கைத் தொடாமல் இரண்டு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு டிஸ்க்கில் இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்தேன். சுர்ரென்றது. தொடாத பிரேக் சுட்டால் அது உரசுகிறது என்றுதான் அர்த்தம்.

பிரித்தபோது

காலிப்பரின் இரண்டு போல்ட்டைக் கழற்றி, ஓஸில் தொங்கவிடாமல் ஹேண்டிலில் கயிறு போட்டுக் கட்டினேன். பேடுகளே வாக்குமூலம் கொடுத்தன. பிஸ்டன் பக்கத்துப் பேடில் மிச்சம் ஒரு மில்லிமீட்டர், அதுவும் ஒரு முனை தேய்ந்து ஆப்பு வடிவத்தில். மறுபக்கத்துப் பேடில் மூன்றரை மில்லிமீட்டர். இரண்டு பேடும் ஒரே நாளில் போட்டவை.

பின்களில் ஒன்று விரலால் இழுத்ததும் வந்தது. மற்றது அசையவில்லை. அதன் ரப்பர் பூட் உப்பி, ஒரு பக்கம் கிழிந்து, உள்ளே துருவும் மஞ்சள் கிரீஸும் களியாகக் கிடந்தன. சாதா கிரீஸ். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் பிரேக் ரப்பர் ஊதிப்போகும். யாரோ ஒரு காலத்தில் நல்லெண்ணத்தோடுதான் தடவியிருக்கிறார்கள். ஊதிய பூட் கிழிந்து, வாட்டர் சர்வீஸ் தண்ணீர் உள்ளே போய், மீதியைத் துரு பார்த்துக்கொண்டது.

சுத்தியல் தொடவில்லை. துரு இளக்கும் ஸ்பிரேயை ஒரு சொட்டு விட்டு, கால் மணி நேரம் காத்திருந்து, பின்னின் தலையை ஸ்பேனரால் இட வலமாகத் திருப்பித் திருப்பி இழுத்தேன். இருபது நிமிடம் ஆயிற்று. 600 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் துருவை மட்டும் தேய்த்தேன். பின்னில் குழி விழுந்திருந்தால் மாற்றியிருப்பேன், விழவில்லை. துளைக்குள்ளும் பின்னிலும் இருந்த ஸ்பிரே, கிரீஸ் எதுவும் மிஞ்சாமல் பிரேக் கிளீனரால் கழுவித் துடைத்தேன். புது பூட் இரண்டு, பின்னுக்குச் சிலிகான் கிரீஸ் மெல்லிய பூச்சு. நிறையத் தடவினால் துளைக்குள் காற்று அடைபட்டு, பின் உள்ளே போகாமல் திருப்பித் தள்ளும்.

புதுப் பேடு போடப் பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டும். அதற்கு முன் வெளியே தெரியும் பிஸ்டன் பகுதியைச் சோப்புத் தண்ணீரும் பழைய டூத் பிரஷும் கொண்டு கழுவினேன். அழுக்கோடு தள்ளினால் சீல் கிழியும். தள்ளும்போது டப்பாவில் ஆயில் மேலே ஏறும் என்பதால் முன்கூட்டியே சிரிஞ்சால் கொஞ்சம் எடுத்துவைத்தேன். பேடு கழற்றிய நிலையில் லிவரைப் பிடித்தால் பிஸ்டன் வெளியே வந்து விழுந்துவிடும். பக்கத்து வீட்டுப் பொடியன் லிவர் அருகே போனபோது நான் போட்ட சத்தத்தில் மாமாவே பயந்துவிட்டார்.

மாட்டிய பிறகு முதல் பத்து முறை லிவர் பிடி வரை போகும். பிஸ்டன் மெல்ல வெளியே வந்து பேடு டிஸ்க்கைத் தொடும் வரை அப்படித்தான். இதை மறந்து அப்படியே கிளம்புகிறவர்கள் முதல் சிக்னலில்தான் தெரிந்துகொள்வார்கள். பதினோராவது பிடியில் லிவர் நின்றது. கல் மாதிரி. பழைய நிலையில் முழு பலத்தோடு பிடித்தால் லிவருக்கும் பிடிக்கும் நடுவே ஒரு விரல் நுழையாது. இப்போது இரண்டு விரல் தாராளமாக நுழைந்தது. டிஸ்க் சாயவில்லை.

காலி மைதானத்தில் இருபது கிலோமீட்டர் வேகத்தில் தொடங்கி, புதுப் பேடு படியும் வரை முப்பது நாற்பது முறை மெதுவாகப் பிடித்துப் பிடித்து விட்டேன். செலவில் பேடும் பூட்டும் கிரீஸும் தேவையானவை. வீணாக ஊற்றிய இரண்டாவது பாட்டில் என் கணக்கில்.

மூன்று வாரம் கழித்து அதே மச்சானோடு அதே மலை. இந்த முறை இரண்டாவது, மூன்றாவது கியரிலேயே இறங்கி, வளைவுக்கு முன் மட்டும் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து உடனே விட்டேன். காரவள்ளி வந்ததும் லிவரைப் பிடித்துப் பார்த்தேன். காலையில் வீட்டில் நின்ற அதே இடத்தில் நின்றது. டிஸ்க்கில் சூடு இருந்தது, கருகிய வாடை இல்லை. மச்சான் பலாப்பழத்தைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, பசிக்கிறது என்றான்.

மிச்சம் இருப்பது ஓஸ். 2017-இல் வண்டியோடு வந்த அதே ரப்பர். வளைவில் நகத்தால் அழுத்தினால் மெல்லிய வெடிப்புக் கோடுகள் தெரிகின்றன. புது ஓஸும் நான்கு செம்பு வாஷரும் சொல்லி வைத்திருக்கிறேன். வந்ததும் லைன் முழுவதும் மறுபடி காலியாகும், காற்று புகும். அன்றைக்கு ஏர் எடுப்பதற்கு உண்மையிலேயே காரணம் இருக்கும். லிவர் பிடிக்க மாமா வருவதாகச் சொல்லியிருக்கிறார்.